டேப்லெட் இருக்கிறது, திறன் இருக்கிறதா? ஆசிரியர்களின் தொழில்நுட்பத் திறனையும் தலைமையையும் மதிப்பிடுவது பற்றி ஓர் எளிய விளக்கம்

எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு பெயர் காதில் விழும். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் ஏதாவது ஏற மறுக்கிறதா, அவரைக் கூப்பிடுங்கள். புரொஜெக்டரில் படம் வரவில்லையா, அவரைக் கூப்பிடுங்கள். ஆண்டு விழா வீடியோவை வெட்டி ஒட்ட வேண்டுமா, அதற்கும் அவரேதான். பெரும்பாலும் அந்தப் பள்ளியிலேயே வயது குறைந்த ஆசிரியராக இருப்பார். ‘அவருக்கு டெக்னாலஜி நல்லா வரும்’ என்று தலைமை ஆசிரியர் சொல்வார், மேலிடத்திலிருந்து பட்டியல் கேட்டால் அவர் பெயர்தான் போகும். அதே பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிற, ஓய்வு பெற ஐந்தாறு வருடமே மீதி இருக்கிற ஒரு டீச்சர், பிள்ளைகள் வாய்விட்டு வாசிப்பதைத் தன் செல்போனில் பதிவு செய்து, அந்தப் பிள்ளைக்கே திரும்பப் போட்டுக்காட்டி, ‘எந்த இடத்துல நின்னுட்ட, நீயே சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இருவரில் யாருக்குத் தொழில்நுட்பத் திறன் அதிகம் என்று கேட்டால் பதில் சட்டென்று வராது, ஏனென்றால் ‘தொழில்நுட்பத் திறன்’ என்று நாம் சொல்வதற்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கருவியை இயக்குவது ஒன்று. அதை வைத்துப் பாடம் நடத்துவது இன்னொன்று. மற்ற ஆசிரியர்களும் அப்படி நடத்தும்படி பள்ளியை மாற்றுவது மூன்றாவது. ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் பெற்றோர் வாட்ஸாப் குழுவிலும் அலுவலகக் கூட்டத்திலும் இந்த மூன்றையும் ஒரே பெயரில் பேசுகிறோம், அளக்கும்போது மட்டும் முதலாவதை அளந்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். மூன்றையும் பிரித்துப் பார்ப்பது எப்படி, ஒவ்வொன்றையும் எதை வைத்து மதிப்பிடுவது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடங்களோடு க்யூஆர் குறியீடுகளும் வந்தன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்து 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. 2022-இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் உறுதியாக வரவேண்டும் என்ற எண்ணும் எழுத்தும் திட்டம், 2023-இல் பாட வீடியோக்கள் உள்ள மணற்கேணி செயலி, 2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் டேப்லெட், கூடவே தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. இவ்வளவு செலவு செய்த பிறகு ‘ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்களா’ என்று கேட்பது நியாயம்தான்.

ஆனால் ‘பயன்படுத்துகிறார்களா’ என்பதும் ‘பிள்ளைகள் அதனால் கற்கிறார்களா’ என்பதும் வேறு வேறு கேள்விகள். இதற்குப் பெரு நாட்டின் கதை நல்ல சாட்சி. குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தை அங்கே பெரிய அளவில் நடத்தினார்கள். கிராமப்புறத்துத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்து ஆராய்ந்த முடிவு 2012-இல் வெளிவந்தது. பள்ளியில் கணினிகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியிருந்தது, பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்தியதும் கூடியிருந்தது, கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மட்டும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கருவி வந்ததாலேயே ஆசிரியர் பாடம் நடத்தும் விதம் மாறிவிடாது என்பதுதான் அதில் நமக்கான பாடம்.

எட்டு போடுவதும் வேன் ஓட்டுவதும்

ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்குகிறோம். கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் கைக்கு வந்துவிட்டன என்பதற்கு அது அத்தாட்சி. அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை, எட்டு போடத் தெரியாதவர் சாலைக்கு வரவே கூடாது. ஆனால் நேற்று எட்டு போட்டவரிடம், இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற பள்ளி வேனைக் கொடுத்து, மழை நாளில் ஏற்காடு மலைப்பாதையில் ஏற்றச் சொல்வோமா? அங்கே தேவைப்படுவது வேறு: எந்த வளைவில் எந்த கியர், எதிரே பஸ் வந்தால் யார் ஒதுங்குவது, பின்சீட்டில் ஒரு பிள்ளைக்குக் குமட்டினால் எங்கே நிறுத்துவது. இதையெல்லாம் மைதானத்தில் சோதிக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை போய்வந்தால்தான் தெரியும்.

ஆசிரியர்களுக்கு நாம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் பெரும்பாலானவை எட்டு போடும் தேர்வுகள். கோப்பை எப்படிச் சேமிப்பது, செயலியில் எங்கே அழுத்துவது, பவர்பாயின்ட்டில் படம் எப்படிச் சேர்ப்பது. தேவையானவைதான், ஆனால் வகுப்பறை என்பது மலைப்பாதை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கருவியை இயக்கும் திறன் அடிப்படை, கற்பிக்கும் திறன் அதற்கு மேலே. கீழே இருப்பதை அளந்துவிட்டு மேலே இருப்பதும் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

மூன்று அறிவுகள் சேரும் இடம்

சரி, அந்த மேலே இருப்பது என்ன? இதற்கு ஆய்வாளர்கள் நல்ல விளக்கம் வைத்திருக்கிறார்கள். 1986-இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார். பாடம் தெரிந்திருப்பது ஒரு அறிவு, பொதுவாகப் பாடம் நடத்தத் தெரிந்திருப்பது இன்னொரு அறிவு, இந்த இரண்டும் கலந்து ‘இந்தக் குறிப்பிட்ட பாடத்தைப் பிள்ளைகள் எங்கே தப்பாகப் புரிந்துகொள்வார்கள், அதை எப்படி எடுப்பது’ என்று ஆசிரியருக்கே உரிய ஓர் அறிவு இருக்கிறது என்றார். 2006-இல் மிஸ்ராவும் கோலரும் அதில் மூன்றாவதாகத் தொழில்நுட்ப அறிவைச் சேர்த்தார்கள். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்ற மூன்று வட்டங்களை வரைந்து, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நடுப்பகுதிக்குத் தனிப் பெயரும் வைத்தார்கள், அதை இன்று டிபேக் என்கிறார்கள். ஆசிரியரின் தொழில்நுட்பத் திறன் என்று நாம் உண்மையில் தேட வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.

கேட்க வறட்டுத் தத்துவம் மாதிரி இருக்கும். ஒரு வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் புரிந்துவிடும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. இதை நடத்த ஓர் ஆசிரியர் ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோவைப் போடுகிறார். படம் அழகாக ஓடுகிறது, பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள், கடைசியில் ‘எவ்வளவு?’ என்று கேட்டால் எல்லாரும் ‘180’ என்று கத்துகிறார்கள். பக்கத்து வகுப்பில் இன்னோர் ஆசிரியர் ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஒரு முக்கோணத்தை வரைகிறார். மூன்று கோண அளவுகளும் திரையில் தெரிகின்றன. ஒரு மாணவியைக் கூப்பிட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்லப் போகிறார், ஆனால் உடனே இல்லை. ‘முனையை இழுத்தா முக்கோணம் பெருசாகும். அப்ப மூணு கோணத்தோட கூடுதலும் பெருசாகுமா? நோட்டுல எழுதிட்டு நிமிருங்க’ என்கிறார். பாதிப் பேர் ‘பெருசாகும்’ என்றுதான் எழுதுகிறார்கள். அப்புறம் இழுக்கிறாள்.

இப்போது ஒரு சங்கடம் வருகிறது. திரையில் 60, 60, 61 என்று காட்டுகிறது. கூட்டினால் 181. ஒரு பையன் எழுந்து, ‘சார், தப்பா வருது’ என்கிறான்.

இந்த ஓர் இடத்தில் அந்த ஆசிரியரின் மூன்று அறிவும் சோதிக்கப்படுகிறது. கூடுதல் மாறவே முடியாது என்பது அவருக்குப் பாடம் தெரிந்ததால் தெரியும். மென்பொருள் அளவுகளை முழு எண்ணாக மாற்றிக் காட்டும்படி அமைந்திருக்கிறது, உண்மையில் 59.6, 59.6, 60.8 என்று இருப்பதைத்தான் அது இப்படிக் காட்டியிருக்கிறது என்பதும், அமைப்புக்குள் போய்த் தசம இடங்களைக் கூட்டலாம் என்பதும் தொழில்நுட்பம் தெரிந்ததால் தெரியும். அதைத் தானே சட்டென்று சரிசெய்துவிடாமல், ‘அப்ப கணக்கு தப்பா, கம்ப்யூட்டர் தப்பா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?’ என்று வகுப்பிடமே கேள்வியைத் திருப்பிவிடுவது கற்பித்தல் தெரிந்ததால் வருவது. இதில் எது ஒன்று இல்லாவிட்டாலும், 181 வந்தவுடன் திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போயிருப்பார்.

முதல் ஆசிரியரும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினார், இரண்டாமவரும் பயன்படுத்தினார். ‘இன்று ஸ்மார்ட் போர்டு பயன்படுத்தப்பட்டதா, ஆம் அல்லது இல்லை’ என்று கேட்கும் படிவத்தில் இருவருக்கும் ஒரே டிக் விழும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விதை முளைப்பதைக் காட்ட ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு ஜன்னலில் வைப்பதைவிட நல்ல கருவி எதுவும் இல்லை என்று முடிவு செய்து, திரையைத் திறக்காமலே ஓர் ஆசிரியர் வகுப்பை முடிக்கிறார். எப்போது வேண்டாம் என்று தெரிந்திருப்பதும் அந்த நடுவட்டத்துத் திறன்தான். மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு இடம் இல்லை என்றால், அந்த ஆசிரியர் அடுத்த முறை அதிகாரி வரும்போது பயறை ஓரங்கட்டிவிட்டு முளைக்கும் வீடியோவைப் போடுவார். அதனால் நட்டம் பிள்ளைகளுக்கு.

எதை வைத்து அளக்கிறார்கள்?

நடைமுறையில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது சான்றிதழ். மத்திய அரசின் கல்வித் தளமான திக்ஷாவில் 2020-லிருந்து நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சிகள் இணையவழியில் நடக்கின்றன. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணித்திறன் வளர்ச்சியில் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல பயிற்சிகள் அவற்றில் உண்டு. ஆனால் சான்றிதழ் சொல்வது, இந்தப் பயிற்சி முடிக்கப்பட்டது என்பதை மட்டும்தான். வீடியோவை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்தியவருக்கும் குறிப்பெடுத்துக் கேட்டவருக்கும் ஒரே சான்றிதழ் வரும்.

இரண்டாவது தன்மதிப்பீடு, அதாவது ஆசிரியரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வது. ‘என்னால் டிஜிட்டல் வளங்களைப் பாடத்துக்கு ஏற்ப மாற்ற முடியும்’ என்று ஒரு வாக்கியம், பக்கத்தில் 1 முதல் 5 வரை. பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2018-இல் பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்திய டாலிஸ் ஆய்வில், கற்பித்தலுக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தப் படிப்புக் காலத்திலேயே நன்றாகத் தயாராகிவிட்டதாக உணர்ந்தவர்கள் அதன் உறுப்பு நாடுகளின் சராசரியில் 43 சதவீதம் ஆசிரியர்கள்தான். இந்த மாதிரி எண்கள் பயனுள்ளவை, ஆனால் அவை உணர்வை அளப்பவை. கொஞ்சம் தெரிந்தவருக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது, அதனால் 5 போட்டுவிடுவார். நிறையத் தெரிந்தவர் தயங்கி 3 போடுவார். அதோடு, அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போகும் என்று தெரிந்தால் யாருமே 2 போட மாட்டார்கள். ஐரோப்பிய ஆணையம் 2021-இல் ஆசிரியர்களுக்காகக் கொண்டுவந்த செல்ஃபி என்ற தன்மதிப்பீட்டுக் கருவி இந்த நாடியைப் பிடித்திருக்கிறது: முடிவு அந்த ஆசிரியருக்குத்தான், மேலதிகாரிக்குப் போகாது. அப்படி இருந்தால்தான் தன்மதிப்பீட்டில் உண்மை வரும்.

மூன்றாவது எழுத்துத் தேர்வு அல்லது கணினியில் செய்து காட்டும் தேர்வு. எட்டு போடும் கதையைச் சொல்லியாயிற்று.

நான்காவது எண்ணிக்கை. செயலியை எத்தனை முறை திறந்தார், எத்தனை நிமிடம் வீடியோ ஓடியது, எத்தனை மாணவர் விவரம் ஏற்றினார். கணினியே எண்ணிக் கொடுத்துவிடுவதால் அலுவலகங்களுக்கு இது மிகவும் பிடிக்கும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் செயலியில் பதிய வேண்டும். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் பதிந்தாயிற்று, நூறு சதவீதம், பச்சை நிறத்தில் தெரிகிறது. அந்த ஆசிரியரிடம் ‘அரும்பு நிலையில் இருக்கிற இந்தப் பையனுக்கு எங்கே சிக்குகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘உயிர்மெய் தெரியும் சார், ஆனா கொம்பும் காலும் வர்ற எழுத்துல தடுமாறுறான், அதான் இந்த வாரம் அவனுக்கு அந்தச் சொற்கள் மட்டும்’ என்று பதில் வந்தால், தரவு வேலை செய்கிறது என்று அர்த்தம். ‘ஏத்தியாச்சு சார்’ என்று மட்டும் வந்தால், பச்சை நிறத்துக்கு மதிப்பில்லை. எமிஸ் வேலைச்சுமை பற்றி ஆசிரியர்கள் பல வருடமாகப் போராடி வருவதற்கு நேரம் ஒரு காரணம் என்றால், இந்த வெறுமை இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது, பி.எட். படித்தவர்களுக்குப் பழக்கமானவைதான். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை. யார் அளந்தாலும், எப்போது அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வருகிறதா என்பது நம்பகத்தன்மை. செயலியைத் திறந்த எண்ணிக்கைக்கு நம்பகத்தன்மை அபாரம், யார் எண்ணினாலும் ஒரே எண் வரும். கற்பிக்கும் திறனை அளப்பதில் ஏற்புடைமை மட்டும் ஏறக்குறைய இல்லை. குழப்பத்துக்கு ஆணிவேர் இதுதான், துல்லியமான எண்ணைப் பார்த்ததும் சரியான எண் என்று நம்பிவிடுகிறோம்.

வகுப்பறைக்குள் போய்ப் பார்ப்பது

மலைப்பாதையில் பக்கத்து இருக்கையில் உட்கார்வது என்பது இங்கே வகுப்பறை உற்றுநோக்கல், அதாவது பாடம் நடக்கும்போது கூடவே இருந்து, முன்கூட்டியே முடிவு செய்த சில விஷயங்களை மட்டும் கவனித்துக் குறிப்பது. அது பார்ப்பவரின் மூடுக்கு ஏற்ப மாறாமல் இருக்கப் படிநிலை அட்டவணை ஒன்று வேண்டும். ஒவ்வொரு நிலையும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதப்பட்டிருப்பதுதான் அதன் உயிர். ‘சிறப்பு, நன்று, சுமார்’ என்று எழுதினால் அது அட்டவணை ஆகாது.

உதாரணமாகக் கருவி யார் கையில் இருக்கிறது என்ற ஒரு வரியை எடுப்போம். அடிநிலையில் ஆசிரியர் மட்டும் இயக்குகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். அடுத்த நிலையில் ஒருவரோ இருவரோ வந்து ஆசிரியர் சொன்னதை அப்படியே செய்கிறார்கள். அதற்கும் மேலே, பிள்ளைகள் ஏதாவது ஒன்றை ஊகித்துவிட்டுக் கருவியில் சோதிக்கிறார்கள். உச்சத்தில், கிடைத்த விடையைச் சந்தேகப்பட்டு அவர்களே புதிய கேள்வி கேட்கிறார்கள். அந்த 181 பையன் நிற்கும் இடம் இதுதான். இப்படி எழுதினால் தலைமை ஆசிரியர் பார்த்தாலும் ஆசிரியர் பயிற்றுநர் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே படியில் வைப்பார்கள்.

இத்தகைய படிகளை நாமே முதலிலிருந்து யோசிக்க வேண்டியதில்லை. யுனெஸ்கோ 2008-இல் ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பத் திறன் சட்டகம் ஒன்றை வெளியிட்டு, 2011-இலும் 2018-இலும் புதுப்பித்தது. ஆறு துறைகள், மூன்று நிலைகள், மொத்தம் 18 திறன்கள். அறிவைப் பெறுவது, அறிவை ஆழப்படுத்துவது, அறிவை உருவாக்குவது என்பவை அந்த மூன்று நிலைகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017 சட்டகம் 22 திறன்களை ஆறு நிலைகளில் வைக்கிறது. இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்துப் படிவமாக்கினால் யாரும் நிரப்ப மாட்டார்கள். நான்கைந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, நம் வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியும் செயல்களாக மாற்றிக்கொண்டால் போதும்.

உற்றுநோக்கலிலும் ஓட்டை உண்டு. யாராவது வந்து பின்னால் உட்கார்ந்தால் ஆசிரியரும் மாறுவார், பிள்ளைகளும் மாறுவார்கள். ஒரே ஒரு பாடவேளையை வைத்து ஒருவரை முடிவு கட்டுவது அநியாயம். அதனால் ஆசிரியர் தயாரித்த பயிற்சித்தாள், பிள்ளைகள் செய்த வேலை, அதில் அவர் எழுதிய திருத்தம் என்று நாலு பொருளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன டீச்சரின் செல்போனில் இருக்கும் குரல் பதிவுகள், ஜூன் மாதத்து வாசிப்பும் டிசம்பர் மாதத்து வாசிப்பும், எந்தச் சான்றிதழையும்விடப் பெரிய ஆதாரம்.

சுருக்கமாக: ஒற்றை அளவுகோல் போதாது. ஆசிரியரே சொல்வது, நாம் பார்ப்பது, பிள்ளைகளின் வேலை மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் நம்பலாம்.

தலைமை என்பது எங்கே இருக்கிறது?

பேச்சில் மிகவும் தேய்ந்துபோன பகுதி இது. ‘தொழில்நுட்பத் தலைமை’ என்றதும் ஒன்று தலைமை ஆசிரியரின் நாற்காலியை நினைக்கிறோம், அல்லது எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும் அந்த இளம் ஆசிரியரை நினைக்கிறோம். இரண்டும் தலைமையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒருவர் செய்ததால் மற்ற ஆசிரியர்களின் வகுப்பறையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதுதான் அடையாளம். எல்லாருக்கும் எமிஸ் ஏற்றிக் கொடுப்பவர் உதவி செய்கிறார், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அவர் இருக்கும்வரை மற்றவர்கள் கற்றுக்கொள்ளவே மாட்டார்கள். அவரிடம் இத்தனை வேலையைக் குவித்த பள்ளியைத்தான் குறை சொல்ல வேண்டும், அவரை அல்ல.

ஆண்டர்சன், டெக்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் தரவைப் பார்த்து 2005-இல் எழுதிய கட்டுரையின் முடிவு இன்றைக்கும் பொருந்தும்: கருவிகள் முக்கியம்தான், ஆனால் அவை நன்றாகப் பயன்பட வேண்டுமானால் கருவிகளைவிடத் தலைமை முக்கியம். அவர்கள் தலைமையை எதை வைத்து அளந்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பேச்சுத்திறமை, ஆளுமை எதுவும் இல்லை. தொழில்நுட்பத்துக்கென்று பள்ளியில் ஒரு குழு இருக்கிறதா, பள்ளி முதல்வர் அதைத் திட்டமிடுவதில் தன் நாட்களைச் செலவிட்டாரா, அவரே மின்னஞ்சலைப் பயன்படுத்துகிறாரா, ஆசிரியர் பயிற்சிக்கென்று கொள்கை இருக்கிறதா, பணம் ஒதுக்கியிருக்கிறதா. எல்லாமே விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள்.

நம் பள்ளிக்கு இதை இறக்கினால் கேள்விகள் இன்னும் எளிமையாகின்றன. ஹைடெக் லேப் சாவி யாரிடம் இருக்கிறது? தமிழாசிரியர் போய்க் கேட்டால் அன்றைக்கே திறந்துவிடுவார்களா, அல்லது ‘ஏதாவது ரிப்பேர் ஆனா யார் பதில் சொல்றது’ என்று பூட்டியே கிடக்குமா? என் பார்வையில் ஒரு தலைமை ஆசிரியரின் தொழில்நுட்பத் தலைமைக்கு முதல் சோதனை அந்தச் சாவிதான். கருவி பழுதானால் ஆசிரியர் கையிலிருந்து பணம் போகாது, திட்டும் விழாது என்ற உறுதியை அவர் கொடுத்திருந்தால் லேப் திறந்திருக்கும். லேப் பதிவேட்டைப் புரட்டினால், கணினி ஆசிரியரைத் தவிர எத்தனை பாட ஆசிரியர்களின் கையெழுத்து அதில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வாரத்தில் ஒரு பாடவேளையாவது அட்டவணையில் ஒதுக்கியிருக்கிறதா? ஆள் பற்றாக்குறை இருக்கும் பள்ளியில் இது கடினம், ஈராசிரியர் பள்ளியில் முடியவே முடியாது, அங்கே சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டம் சுற்றறிக்கை வாசிப்பதில் முடிகிறதா, ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் செய்ததைக் காட்டி மற்றவர்கள் கேள்வி கேட்பதில் முடிகிறதா என்பதும் தலைமையை அளக்கும் ஒரு வழி.

தலைமை ஒரே ஆளிடம் குவியாமல், வேலைக்கு ஏற்ப வெவ்வேறு ஆசிரியர்களிடம் பரவி இருப்பதைப் பகிர்ந்த தலைமை என்பார்கள். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. அங்கே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் பள்ளிகளிலிருந்தே வந்த ஆசிரியர்கள், பள்ளிதோறும் ஐடி ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் ஆசிரியருக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பு உண்டு, 2018-லிருந்து லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் அமைப்பும் வகுப்பறைக் கருவிகளைப் பார்த்துக்கொள்வதில் கைகொடுக்கிறது. பொறுப்புக்கு ஒரு பெயர் இருப்பதால் அதை மதிப்பிடவும் முடிகிறது. நம்மிடம் அந்த இளம் ஆசிரியர் செய்யும் வேலைக்குப் பெயரே கிடையாது, அதனால் அவருக்கு நேரமும் ஒதுக்க மாட்டார்கள், அங்கீகாரமும் வராது.

தலைமையை மதிப்பிட நான் மிகவும் நம்பும் கேள்வி ஒன்று உண்டு. பொது மாறுதல் கலந்தாய்வில் அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டால், அடுத்த ஆண்டு இந்தப் பள்ளியில் என்ன மிஞ்சும்? இரண்டு ஆசிரியர்களாவது அவரிடம் கற்றதைத் தொடர்ந்து செய்கிறார்கள் என்றால் அவர் வழிநடத்தியிருக்கிறார். எல்லாம் அவரோடே பஸ் ஏறிப் போய்விட்டது என்றால், அவர் திறமைசாலி, அவ்வளவுதான். இந்தக் கேள்வியைத் தலைமை ஆசிரியரிடம் மட்டும் கேட்கக் கூடாது, மற்ற ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எதற்காக அளக்கிறோம்?

பிள்ளைகளுக்கு வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும் ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறோம் என்பது ஆசிரியர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கற்கும்போதே பார்த்துத் திருத்த ஒன்று, முடிந்த பிறகு மதிப்பெண் போட இன்னொன்று. ஆசிரியர்கள் விஷயத்தில் மட்டும் இரண்டையும் ஒரே தாளில் செய்யப் பார்க்கிறோம். ‘உங்களுக்கு எந்தப் பயிற்சி தேவை?’ என்று கேட்கும் படிவத்தின் அடியிலேயே ‘தரநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தால், யார் மனம் திறந்து ‘எனக்கு இது தெரியாது’ என்று எழுதுவார்கள்? உதவிக்காக அளப்பதும் விருதுக்கோ விளக்கம் கேட்கும் நோட்டீசுக்கோ அளப்பதும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தாள்கள், வெவ்வேறு நேரங்களில் நடக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் உதவிக்கான தகவல்தான் முதலில் பொய்யாகும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இணையம் ஒழுங்காக வராத, ஒரு நாளைக்கு மூன்று முறை கரண்ட் போகிற பள்ளியின் ஆசிரியரையும் எல்லாம் இருக்கிற பள்ளியின் ஆசிரியரையும் ஒரே தாளில் ஒப்பிடுவது ஆசிரியரை அளப்பது ஆகாது, கட்டடத்தை அளப்பது. படிவத்தின் முதல் பக்கத்தில் அன்றைக்கு அங்கே என்னென்ன வேலை செய்தது என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

ஒரு பாடவேளையில் தொடங்குவது எப்படி

தலைமை ஆசிரியரோ மூத்த ஆசிரியரோ இதை நாளைக்கே தொடங்க நினைத்தால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஆசிரியரிடம் பேசுங்கள்: ‘இன்னைக்கு இந்தக் கருவியை எதுக்கு எடுக்கறீங்க? இது இல்லாம நடத்தினா எது கஷ்டம்?’ இதற்குத் தெளிவான பதில் இருந்தால் பாதி மதிப்பீடு அங்கேயே முடிந்துவிடும். வகுப்பில் திரையைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். எழுதுகிறார்களா, ஊகிக்கிறார்களா, தங்களுக்குள் வாதாடுகிறார்களா, அல்லது படம் ஓடுவதை மட்டும் பார்க்கிறார்களா. கடைசி இருக்கையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளின் நோட்டைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பாருங்கள்.

வகுப்பு முடிந்ததும் தீர்ப்பு சொல்லாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இதே பாடத்தை மறுபடி எடுத்தா எதை மாத்துவீங்க?’ அவர் சொல்வதையும் நீங்கள் பார்த்ததையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த மாதத்துக்குள் செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த விஷயத்துக்கு லேப் சாவியோ, ஒரு பாடவேளை ஓய்வோ, ஸ்பீக்கரோ தேவைப்பட்டால் அதைத் தருவது உங்கள் பொறுப்பு என்றும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தாளின் நகல் ஆசிரியரிடமே இருக்கட்டும். அடுத்த மாதம் உட்காரும்போது அவர் செய்தாரா என்று பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் தருவதாகச் சொன்னதைத் தந்தீர்களா என்று அந்த நகலைப் பார்த்துச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.